மாஸ்டர் பக்கத்து பிரேக்

"இண்டிகேட்டர் போடு... இண்டிகேட்டர்! ஐயோ, அது வைப்பர்!"

சுள்ளென்று வெயில் அடிக்கிற காலையில் வைப்பர் சரக் சரக்கென்று ஆடியது. பின்னால் வந்த பஸ் ஹாரனை அலறவிட்டது.

"பதறாதீங்க மாஸ்டர். ஓட்டற எனக்கே பயமில்ல, உட்கார்ந்திருக்கற உங்களுக்கு என்ன?" என்றாள் ஸ்டீயரிங் பிடித்திருந்தவள்.

மாஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். அந்த ஊரில் கார் ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் அவரிடம் கற்றவர்கள்தான். அவரிடம் படித்துவிட்டு டெஸ்டில் இரண்டு தடவை கோட்டை விட்ட ஒரே ஆள் இவள்தான். வெளியே சொன்னால் மானம் போகும். கட்டின மனைவி ஆயிற்றே!

மகளுக்குக் கல்யாணமாகி அவள் வெளியூர் போன பிறகு வீட்டில் பேச்சே குறைந்துவிட்டது. "சாப்பாடு எடுத்து வெச்சிருக்கேன்", "கதவைப் பூட்டியாச்சா?" அவ்வளவுதான். சண்டை சச்சரவு ஒன்றும் கிடையாது. சண்டை போடக்கூட விஷயமில்லை, அதுதான் கொடுமை. மகளுக்கு அது புரிந்திருக்க வேண்டும். "அம்மாவுக்கு கார் ஓட்டக் கத்துக் கொடுங்கப்பா" என்று அடம்பிடித்து, அவளே வகுப்பில் சேர்த்தும் விட்டாள்.

முதல் நாள் அவர் ரொம்பக் கறாராக இருந்தார். "வண்டிக்குள்ள ஏறிட்டா நான் மாஸ்டர், நீ ஸ்டூடண்ட். என் பக்கமும் ஒரு பிரேக் இருக்கு பாரு. ரெண்டும் உள்ளே ஒண்ணோட ஒண்ணு சேர்ந்தது. நான் அமுக்கினா உன்னோடதும் இறங்கும். அதனால பயப்படாம ஓட்டு."

"வீட்டுலயும் உங்க பக்கம் பிரேக் மட்டும்தானே மாஸ்டர்!" என்றாள் அவள்.

அவர் சிரித்துவிட்டார். அவள் முன்னால் அப்படி வாய்விட்டுச் சிரித்து எத்தனை காலமாயிற்று!

அன்று பிடித்த பைத்தியம்தான். தினமும் காலையில் அந்த வகுப்புக்காகவே சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு கிளம்பினார். கியர் மாற்றும்போது கை மேல் கை பட்டால் உள்ளே குறுகுறுவென்றிருந்தது. "என்ன மாஸ்டர், புது மாப்பிள்ளை மாதிரி ஆயிட்டீங்க?" என்று ஆபீஸில் கிண்டலடித்தார்கள். அடித்துவிட்டுப் போகட்டும்!

இன்றைக்கு மூன்றாவது டெஸ்ட். இவள் பாஸாகிவிட்டால் நாளையிலிருந்து வகுப்பு ஏது? மறுபடியும் சாப்பாடு, கதவு, பூட்டு.

டெஸ்ட் நடக்கும் மைதானத்தில் அதிகாரி பின் சீட்டில் ஏறிக்கொண்டார். வழக்கப்படி மாஸ்டர் முன் சீட்டில், அவள் பக்கத்தில்.

வைப்பர் போட்ட அதே மனுஷியா இவள்? வண்டி வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு போனது. மேட்டில் நிறுத்தி எடுத்தாள். ஓர் அங்குலம் பின்னால் நகரவில்லை. "சபாஷ்மா!" என்றார் அதிகாரி.

மாஸ்டருக்குப் பெருமையில் நெஞ்சு விம்மியது. அதே நெஞ்சு பக் பக்கென்று அடித்துக்கொண்டது. பாக்கி இருப்பது ஒன்றே ஒன்று. வரிசையாக நட்ட கம்பங்களுக்கு நடுவே ரிவர்ஸில் போய் நிற்க வேண்டும். போகிறாள்... அழகாகப் போகிறாள்... இன்னும் ஒரே ஒரு கம்பம்தான்...

பாழாய்ப்போன கால் கேட்கவில்லை. தன் பக்கத்து பிரேக்கை ஒரே அமுக்காக அமுக்கிவிட்டார்.

வண்டி தூக்கிப் போட்டு நின்றது. இன்ஜின் ஆஃப்.

"கடைசி நேரத்துல இப்படிப் பண்ணிட்டீங்களேம்மா! சரி, அடுத்த தடவை பார்ப்போம்" என்று அதிகாரி இறங்கிப் போனார்.

"மன்னிச்சுக்கோங்க மாஸ்டர்" என்று அவள் தலையைக் குனிந்துகொண்டாள். மாஸ்டருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

திரும்பும்போதும் அவளே ஓட்டினாள். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று அவர் தொண்டையைச் செருமியபோது, குறுகலான சந்தில் எதிரே ஒரு மணல் லாரி முட்டுகிறாற்போல் வந்து நின்றது. இரண்டு பக்கமும் சுவர். கதவைத் திறந்து இடம் மாறக்கூட வழியில்லை.

"ஐயையோ, பொறு பொறு! நான் சொல்ற மாதிரி..."

"சும்மா உட்காருங்க."

இடது கையை அவர் சீட்டின் மேல் போட்டாள். தலையைத் திருப்பினாள். ஒரே வீச்சில் சந்து முழுக்க ரிவர்ஸில் வந்து, வளைவில் வளைந்து, மெயின் ரோட்டில் நின்றிருந்த இரண்டு கார்களுக்கு நடுவே சொருகினாற்போல் நிறுத்தினாள்.

மாஸ்டர் அவள் பக்கம் திரும்பினார். "உனக்கு... ஓட்டத் தெரியுமா?"

"கல்யாணத்துக்கு முன்னாடி எங்கப்பாவோட லோடு வேனை யார் ஓட்டினதுன்னு நினைச்சீங்க?"

"ஒரு நாளாவது சொல்லியிருக்கலாமே!"

"ஒரு நாளாவது கேட்டிருக்கலாமே!"

அவருக்கு முகம் தொங்கிப்போனது. "அப்போ இன்னிக்கு நீ பாஸாகியிருப்பே. நான்தான் கெடுத்துட்டேன். பிரேக்கை அமுக்கினது நான்தாம்மா. இந்த வகுப்பு முடிஞ்சு போயிடுமேன்னு..."

"தெரியும். நான் கால் வைக்கறதுக்குள்ள என் பெடல் தானா கீழே போச்சே!"

"கோபமே இல்லையா உனக்கு?"

அவள் அவர் காதருகே குனிந்து சொன்னாள்: "ஆனாலும் ரொம்ப அவசரம் மாஸ்டர் உங்களுக்கு! கொஞ்சம் பொறுத்திருந்தா, அந்தக் கடைசிக் கம்பத்தை நானே இடிச்சுச் சாய்ச்சிருப்பேன்... போன ரெண்டு தடவை மாதிரியே."