ஹுல்ஸ்பேக் திருப்பத்தில் ஒரு முன்சக்கரம்

"ஜெயிச்சவன் பேரெல்லாம் எங்கிட்ட சொல்லாதே. இந்தப் பந்தயத்துல இதுவரைக்கும் ஓட்டினவங்கள்லயே பெரிய ஆளு, ஜெயிக்காத ஒருத்தன்" என்று அடித்துச் சொன்னார் ஓடீல்.

சைக்கிளின் முன்சக்கரம் ஒன்று அவர் தோளில் தொங்கியது. ஹுல்ஸ்பேக் திருப்பத்தில், வாய்க்கால் ஓரம், கல் பாவிய ரோடு முடிகிற இடத்தில், சேற்றில் காலை ஊன்றி நின்றிருந்தார்.

பக்கத்து ஊரிலிருந்து கறுப்புச் சிங்கக் கொடியோடு வந்திருந்த ஜெரோமுக்குச் சிரிப்பில் பீர் மூக்கில் ஏறிவிட்டது.

"யோவ், ஜெயிக்காதவன் எப்படிய்யா பெரிய ஆளு? வான்ஹூல் மூணு தடவ ஜெயிச்சான். மூணும் மழையில. வெயில்ல இந்தக் கல்லு மேல ஓட்டுறது சர்ச்சுக்குப் போயிட்டு வர்ற மாதிரி. அதுக்கெல்லாமா கொடி பிடிக்கிறது?"

"அந்த வான்ஹூல் மொத தடவ எப்படி ஜெயிச்சான், தெரியுமா? இதே திருப்பத்துல அவனுக்குப் பஞ்சர். கூட வந்த அவன் டீம் பொடியன் தன்னோட முன்வீலக் கழட்டிக் குடுத்தான். அன்னைக்கு கால்ல பலம் இருந்தது அந்தப் பொடியனுக்குத்தான். குடுக்காமப் போயிருந்தா அவனே ஜெயிச்சிருப்பான்."

"சரி, பேரு?"

"பேரு எதுக்கு? குடுத்துட்டு, இந்த வாய்க்கா ஓரமா சிரிச்சிக்கிட்டே உக்காந்தான். அவன்தான் ஆளு."

"சிரிச்சானாம்!" என்றாள், வறுவல் வண்டிக்குள்ளிருந்து லுட்கார்ட். அவ்வளவுதான் சொன்னாள். கிழங்கை எண்ணெயில் தட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டாள்.

ஓடீல் செங்கல் சூளைக்காரர். பந்தயத்தன்று மட்டும் ஓர் அணிக்காக இங்கே மாற்றுச் சக்கரத்தோடு நிற்பார். காலையில் சக்கரத்தைக் கையில் கொடுத்தபோதே மேலாளர் தெளிவாகச் சொல்லிவிட்டார்: இது கேப்டன் டெபூக்குக்கு மட்டும்.

அதே அணியில்தான் ஓடீலின் மகன் கோர்னேலும் ஓட்டுகிறான். கேப்டனுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பதும், எதிர்காற்று வீசினால் முன்னால் போய்க் காற்றைத் தடுத்துக் கொடுப்பதும் அவன் வேலை.

"உன் மவனுக்குப் பஞ்சர் ஆச்சுன்னா?" என்று சீண்டினான் ஜெரோம்.

"உருட்டிக்கிட்டு நடந்து வரட்டும்."

சுற்றி நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். ஓடீலும் சிரித்தார். சொல்லும்போது குரலில் துளி பிசிறில்லை.

அப்போது யாரோ டிரான்சிஸ்டரின் காதைத் திருகினார்கள். முன்னால் ஒரே ஒருவன், தனியாக வருகிறான் என்றது அது.

பீட் கிழங்கு வயலுக்கு அப்பால் மோட்டார் சைக்கிளின் விளக்கு தெரிந்தது. அதன் பின்னால் ஒரு மண்பொம்மை. முகம், சட்டை, எண் எல்லாமே சேறு. ஆனால் கோழி சிறகடிப்பதுபோல் முழங்கையை விரித்து ஓட்டும் அந்தத் தோரணை ஓடீல் வீட்டுச் சொத்து.

கோர்னேல்தான். முதல் ஆளாக வருகிறான். தனியாக.

ஜெரோமின் கொடி தாழ்ந்தது. "தண்ணி தூக்குற பயலா?"

முன்சக்கரத்தில் காற்றில்லை. இரும்பு வளையம் கல்லில் மோதுகிற சத்தம் டக் டக்கென்று நெருங்கியது.

ஓடீலின் கால் நகர்ந்தது. அவரைக் கேட்காமலே நகர்ந்தது.

நினைவு வந்தபோது அவர் நடுரோட்டில் ஒரு முழங்காலை ஊன்றி உட்கார்ந்திருந்தார். இரண்டு கையாலும் சக்கரத்தை ஏந்தி நீட்டிக்கொண்டிருந்தார். காலையிலிருந்து பேசின பேச்செல்லாம் வாய்க்கால் ஓரத்திலேயே நின்றுவிட்டது.

மகன் சக்கரத்தைப் பார்த்தான். அப்பாவைப் பார்த்தான்.

"அது கேப்டனுக்குப்பா!"

அவரைச் சுற்றி வளைத்துக்கொண்டு, வேகத்தைக் குறைக்காமல் போனான். டக் டக் சத்தம் திருப்பத்தைத் தாண்டியும் கொஞ்ச தூரம் கேட்டது.

அவர் எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்க நேரமும் இல்லை. பின்னாலேயே, பஞ்சர் என்று கை தூக்கிக்கொண்டு வந்தான் டெபூக். மகனின் டயரைக் கடித்த அதே பெயர்ந்த கல், கேப்டனின் டயரையும் கடித்திருந்தது.

ஓடீலின் கை தன் வேலையைப் பார்த்தது. பழையது கழன்றது. புதியது ஏறியது. முதுகில் கை வைத்து ஓடிப்போய்த் தள்ளிவிட்டார். டெபூக் அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை.

"பாத்தியாய்யா! டெபூக்தான்! இன்னைக்கு அவன விட்டா ஆளே கிடையாது!" ஜெரோம் குதித்தான். கூட்டமும் குதித்தது. சைக்கிள்கள் வரிசையாகச் சேற்றை வாரி இறைத்துக்கொண்டு போயின.

எல்லாம் அடங்கியபோதும் ஓடீல் திருப்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கையில் டெபூக்கின் செத்த சக்கரம்.

ஜெரோம் கொடிக்கம்பால் லேசாக அவர் தோளைத் தட்டினான். "அது சரி பெரியவரே, வீல் குடுத்த பொடியன் பேரச் சொல்லவே இல்லியே?"

ஓடீல் சக்கரத்தின் சேற்றைக் கட்டைவிரலால் வழித்துப் போட்டார். 

லுட்கார்ட் வண்டிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தாள்.

"பேரு எனக்குத் தெரியும். அன்னைக்கு இந்த வண்டியில எங்கம்மா கூட நானும் இருந்தேன். அவன் சிரிக்கல்லாம் இல்ல. அந்த வாய்க்கா ஓரமா உக்காந்து ஓன்னு அழுதான். நான்தான் போயி வறுவல் குடுத்தேன்."

ஒரு பொட்டலத்தை மடித்தாள். மேலே மயோனேஸைத் தாராளமாக ஊற்றி, வண்டிக்கு வெளியே கையை நீட்டினாள்.

"இந்தா ஓடீலு. ஆறிடப் போவுது."