மூத்தவள் போட்ட வைன்

மாலை வெயில் ஜன்னல் கம்பி வழியாக மேசையில் விழுந்து பாட்டிலைத் தொட, கறுத்துக் கிடந்த வைன் மாதுளைச் சிவப்பாகிறது. என் கணவர் ஏனோக்கின் மூத்த தாரம், காலமான மரியபுஷ்பம் அக்கா, போவன்பள்ளி மார்க்கெட் திராட்சையைத் தன் கையால் பிசைந்து ஜாடியில் ஊறவைத்த கடைசி கிறிஸ்துமஸ் வைன். இன்றைக்கு வந்திருக்கும் என் கணவரின் அறுபதாவது பிறந்தநாளுக்கென்று அக்கா எடுத்து வைத்தது. இத்தனை வருஷமும் அதைத் தூசி தட்டிக் காத்தவள் நான். ஜெபம் முடிந்து கேக்கும் வெட்டியாயிற்று. அவர் தக்கையைத் திருகி எடுத்து மூன்று கிளாஸில் ஊற்றுகிறார். "அண்ணி கைப்பக்குவமே தனி," என்கிறாள் அவர் தங்கை. என்னை அவள் ஷெர்லி என்றுதான் கூப்பிடுவாள். நான் ஒரு வாய் குடிக்கிறேன். சுத்த வினிகர். தொண்டை எரிகிறது, மனசு குளிர்கிறது. நாத்தனாரும் முகத்தைச் சுளித்து, "நக்கோண்ணா, வேணாம், வயித்தைக் கெடுத்துடும்," என்று கிளாஸைத் தள்ளி வைக்கிறாள். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் நான் போடுகிற வைனை நுனி நாக்கில் வைத்து, "கொஞ்சம் புளிக்குது ஷெர்லி," என்று ஒதுக்குகிற மனுஷன், கண்ணை மூடிக்கொண்டு ஒரு சொட்டு விடாமல் குடிக்கிறார். பிறகு காலி கிளாஸை என் பக்கம் நீட்டுகிறார்.

"இன்னும் கொஞ்சம் ஊத்து."