பழைய நகல்

"இதைச் சரிபண்ணாம நீ பிஷ்கேக்கை விட்டு நகர முடியாது," என்றாள் ஜிப்பார். அந்த அலுவலகத்தில் நிரல் எழுதும் குழுவுக்கு அவள்தான் தலைவி. எர்மேக்கின் பை கட்டித் தயாராக நாற்காலிக்கு அடியில் இருந்ததைப் பார்த்துவிட்டுத்தான் சொன்னாள்.

"அக்கா, காலையில வந்ததுமே லீவு கேட்டேனே. அப்பா ஊர்ல, நாரின் ஆஸ்பத்திரியில கிடக்கார். போற வழியில, டோலோன் கணவாயில பனி கொட்டுது. மூடிட்டாங்கன்னா வண்டியே போகாது."

"நேத்து தேவலைன்னுதானே சொன்னே?"

"எழுந்து உக்காந்தாராம், அண்ணன் சொன்னார். என்னைத்தான் கேட்டுக்கிட்டே இருக்காராம்."

ஜிப்பார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "பஸ் டிக்கெட் நிரல்ல ஒரே சீட்டு ரெண்டு பேருக்குப் போகுது. நீ எழுதினது, நீதான் பார்க்கணும். உன் போனைக் குடு, சோதிச்சுப் பார்க்க வேணும்," என்று கையை நீட்டி வாங்கிக்கொண்டு போய்விட்டாள். யாருக்குக் கஷ்டம் என்றாலும் முதல் ஆளாக வந்து நிற்கிறவள் அவள். பதவி வந்ததும் அவளுக்கும் மனசு கல்லாகிவிட்டது என்று எர்மேக் நினைத்துக்கொண்டான்.

சீட்டு ஒதுக்கும் வரியின் ஓரத்தில் பிரேக்பாயின்ட் என்ற சிவப்புப் புள்ளியை வைத்தான். அந்தச் சிவப்புப் புள்ளிக்கு வந்ததும் நிரல் அப்படியே நிற்க வேண்டும். நின்றால்தான் உள்ளே என்ன கோளாறு என்று எட்டிப் பார்க்க முடியும்.

நிற்கவில்லை. பத்து வரி மேலே வைத்தான், அங்கும் நிற்கவில்லை. முதல் வரியிலேயே வைத்தான். அதையும் சட்டை செய்யாமல் தாண்டிக்கொண்டு ஓடியது.

பக்கத்து மேசை தாலாய் சூடான சம்சாவும் தேநீரும் கொண்டுவந்து வைத்தான். "முதல்ல சாப்பிடுடா."

"உன் காசுல சம்சாவா? இதுக்குத்தான் கணவாயில பனி கொட்டுது போலிருக்கு."

ஒரு கிண்டலுக்கு மூன்றாகத் திருப்பிக் கொடுக்கிறவன் தாலாய். இன்று தட்டை இன்னும் கொஞ்சம் அருகில் தள்ளி வைத்துவிட்டுத் தன் மேசைக்குப் போனான்.

எர்மேக் கணினியை அணைத்துப் போட்டான். பிரவுசரைத் துடைத்துப் பார்த்தான். எதற்கும் மசியவில்லை. வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. பேருந்து நிலையத்தில் நாரினுக்குப் போகும் வண்டிகள் ஒவ்வொன்றாக நிரம்பிக் கிளம்பிக்கொண்டிருக்கும். அப்பாவைப் பார்க்க முடியாமலே போய்விடுமோ என்று பயந்தான்.

ஆத்திரத்தில் நிரலின் நடுவே பொருளில்லாத எழுத்துகளாக ஒரு வரி தட்டினான். அதைப் படித்த மாத்திரத்தில் நிரல் படுத்துவிட வேண்டும். ஆனால் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடியது.

அப்போதுதான் பொறி தட்டியது. தான் திருத்திக்கொண்டிருக்கும் நிரல் ஓடவே இல்லை. சர்வர், எப்போதோ எடுத்து வைத்துக்கொண்ட பழைய நகலையே ஓட்டிக்கொண்டிருக்கிறது. இங்கே எதை மாற்றினாலும் அதற்குத் தெரியப் போவதில்லை.

சர்வரின் அமைப்புகளைக் குடைந்தான். நிரல் மாறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டாம் என்று அதற்கு யாரோ உத்தரவு போட்டிருந்தார்கள். இன்று காலையில் போட்டது. பக்கத்தில் தாலாயின் பெயர் இருந்தது.

அந்த உத்தரவை நீக்கினான், பழைய நகலை அழித்தான், மறுபடி ஓட்டினான். நிரல் சிவப்புப் புள்ளிக்கு வந்து சமர்த்தாக நின்றது.

நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். "தாலாய், வேணும்னே பண்ணினியா?"

"ஆமாடா."

"எங்கப்பா அங்கே என்னைக் கேட்டுக்கிட்டுக் கிடக்கார். உனக்கு இங்கே விளையாட்டா இருக்கா?"

தாலாய் தலையைக் குனிந்துகொண்டான். வெள்ளிக்கிழமை மாலை எப்போதோ காலியாகியிருக்க வேண்டிய அலுவலகம் அது. இன்று ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை என்பதை எர்மேக் அப்போதுதான் கவனித்தான். எல்லோரும் அவரவர் மேசையருகே எழுந்து நின்றார்கள்.

ஜிப்பார் அருகே வந்தாள். அழுதிருந்தாள். "அவனைத் திட்டாதே. நான்தான் செய்யச் சொன்னேன். உன்னைத் தனியா வண்டியேற விடக் கூடாதுன்னு சொன்னாங்க."

"யாரு சொன்னது?"

கதவு திறந்தது. தோளெல்லாம் பனியோடு சபர் அண்ணன் உள்ளே வந்தார். ஆஸ்பத்திரியில் அப்பா படுத்ததிலிருந்து கட்டிலை விட்டு அகலாமல் இருந்தவர்.

எர்மேக் திகைத்துப் போனான். "அண்ணே, நீங்க இங்கே வந்துட்டா அங்கே அப்பாகூட யார் இருக்கா?"

சபர் அவனை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டார்.

"இனிமே யாரும் இருக்க வேண்டாம், தம்பி."