பாதிக் காற்று

"பாலைவனத்துக்கு இந்த வண்டியா? மண்குதிரையை நம்பி ஆத்துல எறங்குற கதையால்ல இருக்கு பெரியவரே!"

பழைய வண்டி புரோக்கருக்கு மூக்குக்கு மேல் கோபம். காலையிலிருந்து மூன்று ஜீப் காட்டியாயிற்று. நாலு சக்கரமும் இழுக்கும், பாறையில் ஏறும், மேலேயே கூடாரம் போடலாம். பெரியவரோ தரையோடு தரையாக நின்ற ஒரு பழைய ஸ்கூல் வேனையே சுற்றிச் சுற்றி வந்தார்.

"முப்பது வருஷம் சர்வே ஜீப் ஓட்டினேன்னீங்க. ஒரு பல்லியைத் தாண்டினாலே இதோட வயிறு தட்டும்னு தெரியாதா?"

நிழலில், சக்கர நாற்காலியில் இருந்த பெரியவரின் மனைவி குரல் கொடுத்தாள். கறுப்புக் கண்ணாடி. பார்வை போய் இரண்டு வருஷம்.

"என்னங்க, வண்டி நல்ல ஒசரமா?"

"ஒசரமாவா? சக்கரமே உன் இடுப்புக்கு வருது! மணல் மேடெல்லாம் இதுக்குத் தூசு."

புரோக்கருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெரியவரை வேனுக்குப் பின்னால் இழுத்துப் போனார்.

"நானே பொய் சொல்லிப் பொழைக்கிறவன். ஆனா கண்ணு தெரியாத பொண்டாட்டிகிட்ட இப்படிப் புளுக மாட்டேன்யா!"

"கத்தாதீங்க தம்பி..." பெரியவர் நாற்காலிப் பக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டார். "ஆஸ்பத்திரியை விட்டு அரை மணி நேரத் தூரம்கூடப் போகக்கூடாதுன்னுட்டாங்க. அவ இன்னும் ஒரு மாசம் தாங்கினா பெரிசாம். ரிட்டயராகட்டும், மறுபடி பாலைவனத்துல கூடாரம் போடலாம்னு சொல்லிச் சொல்லியே காலத்தை ஓட்டிட்டேன். வீட்டுக்குப் பின்னால காலி மனை இருக்கு. நாலு லாரி மணல் கொட்டி வச்சிருக்கேன். ஊருக்குள்ளயே ரெண்டு மணி நேரம் சுத்திட்டு, அங்க கொண்டுபோய் நிறுத்தப் போறேன். ஜீப்ல அவளால ஏற முடியாது. இதுல நாற்காலியோட தள்ளிடலாம்."

 புரோக்கர் வேன் சாவியை எடுத்து அவர் கையில் வைத்தார்.

பெரியவர் கையெழுத்துப் போட உள்ளே போனதும், பலகை சாய்த்து நாற்காலியை வேனுக்குள் ஏற்றினார் புரோக்கர். அந்த அம்மாள் சட்டென்று அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"தம்பி, மணல்ல எறக்குறதுக்கு முன்னால, சக்கரம் புதையாம இருக்க, டயர்ல பாதிக் காத்தை எறக்கி விட்டுடணும். கல்யாணமான புதுசுல கூட்டிட்டுப் போனப்ப விட்டாரு. புஸ்ஸுன்னு அந்தச் சத்தம் இன்னும் காதுலயே நிக்குது. நீங்களா சொல்ற மாதிரி அவருக்கு ஒரு வார்த்தை ஞாபகப்படுத்துங்க."

"முப்பது வருஷம் ஓட்டின கை, அம்மா. அவரு மறப்பாரா?"

அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"காலி மனைக்குத்தானேன்னு காத்தை எறக்காமலே இருந்துடுவாரு தம்பி. அந்தச் சத்தம்கூடக் கேக்கலைன்னா, நான் எப்படி நம்பின மாதிரி இருக்கிறது?"