அணைந்து போகும் கம்ப்யூட்டர்

“மெமரி மாத்தியாச்சு, ஃபேன் மாத்தியாச்சு. இனிமே பாதிரியாரைக் கூட்டிட்டு வந்து ஜெபம் பண்றதுதான் பாக்கி, நைரீ.”

மேசைக்கடியிலிருந்து தலையை நீட்டினான் ஹெமி. அவன் கை பட்டால் செத்த கம்ப்யூட்டரும் எழுந்து உட்காரும் என்று நியூசிலாந்தின் டனீடின் ஊரில் அவனுக்குப் பெயர். இது மட்டும் அவன் மானத்தை வாங்கிக்கொண்டிருந்தது.

“நேத்தும் அணைஞ்சுதா?”

“ரெண்டு தடவை” என்றாள் நைரீ.

“எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புதுசா ஏத்திடலாமே?”

“அது மட்டும் வேண்டாம்.”

“பிடிவாதக்காரி. வெள்ளிக்கிழமை மென்பொருளைக் கொடுக்கலேன்னா படகுக்காரங்க வேற ஆளைப் பாத்துக்குவாங்க. நீயும் ரோரியும் உழைச்சதெல்லாம் விழலுக்கு இறைச்ச தண்ணிதான்.”

ரோரியின் பெயரை எடுத்திருக்க வேண்டாம் என்று ஹெமிக்கு உடனே தோன்றியது. மீன்பிடிப் படகுகளுக்கான அந்த மென்பொருளை நைரீயும் அவள் கணவனும் சேர்ந்துதான் எழுதினார்கள். நிரலுக்கு நடுவிலேயே குறிப்பு எழுதி டீ கேட்பார்கள், சண்டையும் போடுவார்கள். இந்த இலையுதிர் காலத்தில், இதே கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டிருந்தபோதுதான் ரோரி மாரடைப்பில் இறந்துபோனான். அவன் நாற்காலியில் உட்கார ஹெமிக்கு மனம் வரவில்லை. நின்றபடியே வேலை பார்த்தான்.

மாலை வரை ஓடவிட்டுப் பார்த்தான். ஒருமுறைகூட அணையவில்லை.

“நான் இருந்தா நல்ல பிள்ளையா நடந்துக்குது” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான். வேனில் ஏறும்போதுதான் டார்ச்சை மறந்தது நினைவுக்கு வந்தது.

கதவு திறந்தே கிடந்தது. கூப்பிட வாயெடுத்தவன் அப்படியே நின்றான்.

நைரீ மேசைக்கடியில் மண்டியிட்டு, பிளக்கைப் பிடுங்கினாள். திரை இருண்டது. பிறகு அவளே அதைத் திரும்பச் செருகினாள்.

இத்தனை நாளும் என்னை முட்டாளாக்கினாளா? ஹெமிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

அவள் எழுந்து ரோரியின் நாற்காலியில் உட்கார்ந்து காத்திருந்தாள். திரையில் எழுத்துகள் வந்தன.

‘ரோரி எழுதிக்கொண்டிருந்தபோது கம்ப்யூட்டர் அணைந்துவிட்டது. அவர் விட்ட இடத்திலிருந்து தொடரவா?’

“ம்” என்றாள் நைரீ. தட்டினாள்.

எங்கும் சேமிக்கப்படாத, இப்படித் திடீரென்று அணைந்தால் மட்டுமே திரும்பி வரும் அந்தக் கடைசி வரி வந்து நின்றது: ‘நைரீ, டீ போட்டு வை, இதோ முடிச்சிட்டு’