தகட்டில் இருந்த பெயர்

சவப்பெட்டி மூடியில் அறைந்திருந்த பித்தளைத் தகட்டில் பெயர் தப்பாக இருந்ததை முதலில் பார்த்தது டெர்வ்லாதான். ‘மார்டின் கீவனி, வயது எண்பத்து நான்கு’ என்று வெட்டியிருந்தது. உள்ளே கிடந்தவர் அவளுடைய அப்பா, மார்டின் கான்சிடைன்.

“பெட்டிக்காரன் குடும்பப் பேர மாத்திட்டான்,” என்றாள் கணவன் ஃபெர்கலிடம். “அம்மா தன் கையாலயே எழுதிக் குடுத்தாங்க. அப்படியும் இந்த லட்சணம்.”

பெட்டிக்காரன் அந்த வாரத்தில் மூன்று சாவு பார்த்தவன். அயர்லாந்தின் கிளேர் மாவட்டத்தில் அது ஃபுளூ காய்ச்சல் காலம். அவன் கடையில் போன் மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பார் இல்லை. மணி இரண்டேகால். நான்கு மணிக்குப் பெட்டி தேவாலயத்துக்குப் போயாக வேண்டும்.

டெர்வ்லாவின் அம்மா டீலியா பிறந்த அறையிலேயே பெட்டியை வைத்திருந்தார்கள். டீலியா தலைமாட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கணவரின் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜெபமாலை மடியில் கிடந்தது. வந்தவர்கள் வரிசையாகக் கைகொடுத்து, வருத்தம் சொல்லி, தேநீரும் பன்றிக்கறி வைத்த ரொட்டியும் வாங்கிக்கொண்டு சுவரோரமாக ஒதுங்கினார்கள்.

தகட்டுச் சங்கதி ஒரு நிமிடத்தில் அறையைச் சுற்றி வந்தது. “ஆளையாவது சரியா வச்சிருக்கானா, பாத்துக்கிட்டீங்களா?” என்றான் வந்தவர்களில் ஒரு இளைஞன். தேநீர்க் கோப்பைக்குள்ளேயே சிரித்துக்கொண்டார்கள். இருந்தவர்களில் மூத்தவரான டால்ட்டி மட்டும் கண்ணாடியைத் தூக்கிப் பிடித்து, தகட்டை இரண்டு தரம் படித்துவிட்டு, தலையை ஆட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தார்.

ஃபெர்கலுக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. மூன்று நாளாக உடம்பு முழுக்க, தலைக்கு வைத்துப் படுத்து மரத்துப்போன கை மாதிரி இருந்தது.

“தகரம் வெட்டற ஆள் வீட்டுலயே இருக்கு. நீயே ஒண்ணு அடிச்சிடு,” என்றாள் டெர்வ்லா. அலமாரியைத் திறந்து, அப்பாவின் பழைய கோட்டுப் பையிலிருந்து பெயர் அச்சை எடுத்தாள். அவன் முகத்தைப் பார்க்காமல் உள்ளங்கையில் வைத்தாள்.

விரல் நீள எஃகு. இந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்த பத்தொன்பது வருடத்தில் அதை அவன் தொடுவது அதுதான் முதல் தடவை.

அந்த வீட்டுத் தொழில் தகர ஊதுகுழல். தகரத்தை வெட்டி, கூம்பில் சுற்றி, ஈயம் பற்றவைத்து, வாயில் மரக்கட்டை செருகி, ஆறு துளையையும் அரத்தால் தேய்த்துச் சுருதி சேர்ப்பதெல்லாம் ஃபெர்கல்தான். ஊதும் இடத்துக்குக் கீழே ‘கான்சிடைன்’ என்று பெயர் அடிப்பது மட்டும் மாமனார். அந்தப் பெயர் விழாத குழலை அந்தப் பக்கத்தில் ஒருவரும் கையால் தொடமாட்டார்கள். கடைசி இரண்டு வருடம் படுத்த படுக்கையிலும், மடியில் இஸ்திரிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் வைத்து அவரேதான் அடித்தார்.

“வீட்டோட வந்தவனுக்குக் குழல் செய்ய வரும். பேரு ரத்தத்துலதான் வரும்,” என்பார், சாப்பாட்டு மேசையில், எல்லோர் எதிரிலும். ஃபெர்கல் குனிந்து உருளைக்கிழங்கைத் தின்பான்.

கடைசி மாதம் அவர் கை ஓய்ந்ததிலிருந்து மூன்று டஜன் குழல் பெயரில்லாமல் பட்டறையில் கிடந்தது. அடக்கம் முடிந்ததும் கால்வே நகரத்து மீன் ஆலையில் வேலைக்குச் சேர்வதாக ஃபெர்கல் நேற்றுதான் டெர்வ்லாவிடம் சொல்லியிருந்தான். பட்டறையைப் பூட்டினால் பெயர் அத்தோடு சரி. அவர்களுக்குப் பிள்ளையும் இல்லை. அவள் “சரி” என்றாள், அவ்வளவுதான்.

பட்டறைக்குள் குளிர் அடித்தது. ஃபெர்கல் ஒரு பித்தளைத் துண்டை அளந்து வெட்டி, ஓரம் தேய்த்தான். ‘மார்டின்’ என்பதை ஒவ்வொரு எழுத்தாக அடித்தான். பிறகு பெயர் அச்சை அதன் பக்கத்தில் நிறுத்திச் சுத்தியலை ஓங்கினான்.

“அத அடிக்காத, ஃபெர்கல்.”

வாசலில் டீலியா நின்றிருந்தார், கறுப்பு உடுப்பில், தோளில் சால்வைகூட இல்லாமல்.

ஃபெர்கல் சுத்தியலைக் கீழே வைத்தான். செத்த பிறகும் தடை நீங்கவில்லை என்று நினைத்துக்கொண்டான். அதுகூட எங்கோ தூரத்தில் வேறு யாருக்கோ நடப்பது போலத்தான் இருந்தது.

“பெட்டித் தகட்டுக்கு மட்டும்தான் டீலியா. குழல்ல அடிக்கல,” என்றான்.

டீலியா உள்ளே வந்தார். பித்தளைத் துண்டை எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டார். பெயரில்லாத குவியலிலிருந்து ஒரு குழலை உருவி, தாங்கு கட்டையில் செருகி, அச்சை எடுத்து அவன் விரல்களுக்கு நடுவில் வைத்தார்.

“இதுல அடி.”

“அவர் அங்க இன்னும் மண்ணுக்குள்ளகூட போகல,” என்றான் ஃபெர்கல். “ரத்தத்துலதான் வரணும்னு அவர்தானே சொன்னார்.”

“சொன்னார். அறுபது வருஷமா அந்தப் பயம் அவருக்கு.” டீலியா சுத்தியலை அவன் பக்கம் தள்ளினார். “பெட்டி மேல இருக்கற பேரு சரிதான். அவரும் இந்த வீட்டுக்கு வந்த மாப்பிள்ளைதான், ஃபெர்கல். கான்சிடைன் நான்.”