நூறு வருஷ தோஸ்தி

"லியூ சார் வர்றதுக்குள்ள அந்தப் பதக்கத்தைப் பளபளன்னு துடைச்சி வைங்க" என்றார் ஹயாத் பாஷா.

ஆம்பூரில் அவருடைய ஷூ கம்பெனிக்கு வருகிறவர் யாரும் ஆபீஸ் சுவரில் தொங்கும் அந்த வெள்ளிப் பதக்கத்தின் கதையைக் கேட்காமல் தப்ப முடியாது. கொள்ளுத்தாத்தா கப்பலேறிச் சீனாவுக்குப் போய், சண்டை போட்டு வாங்கியது. யாரோடு சண்டை என்று ஒருவரும் கேட்டதில்லை, அவரும் யோசித்ததில்லை.

இன்று வருகிறவரோ சீனாக்காரர். பல வருஷமாக இந்தப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் இருந்து, தொழிலாளர்களிடமே தமிழ் கற்றுக்கொண்டவர். அவர் ஆர்டர் கொடுக்காவிட்டால் ஒரு தையல் லைனை மூட வேண்டும். மாதனூர் பஸ்ஸில் வேலைக்கு வரும் பெண்களில் பாதிப் பேர் வீட்டில்தான் உட்கார வேண்டும்.

மேனேஜர் ஷர்மிளா போனும் கையுமாக ஓடிவந்தாள்.

"சார், அதைக் கழட்டிடுங்க. அந்தக் காலத்துல சீனா ஜனங்க வெள்ளைக்காரனைத் துரத்தணும்னு கிளம்பியிருக்காங்க. அவங்களை அடக்க இங்கிலீஷ்காரன் நம்மாளுங்களைக் கூட்டிட்டுப் போயிருக்கான். அடக்கினவங்களுக்குக் குடுத்தது சார் இது."

ஹயாத் பாஷாவுக்கு வியர்த்துக் கொட்டியது. "இன்னாம்மா சொல்றே? உங்க நாட்டோட நூறு வருஷ தோஸ்தின்னு அவர்கிட்ட போன்ல சொல்லி வெச்சிட்டேனே."

பதக்கத்தைக் கழற்றக் கை நீட்டியவர் அப்படியே நின்றார். வாசலில் லியூ.

லியூ நேராகச் சுவரிடம் போய்ப் பதக்கத்தை எடுத்தார். முன்பக்கத்தை ஏறிட்டும் பார்க்கவில்லை. விளிம்பைத் திருப்பி, அங்கே பொடி எழுத்தில் வெட்டியிருந்த கொள்ளுத்தாத்தா பேரை விரலால் தடவினார். முகம் இறுகியது.

"எங்க குடும்பத்துது இல்ல சார்" என்று முந்திக்கொண்டார் ஹயாத் பாஷா. "பேரணாம்பட்டுல பழைய சாமான் கடையில வாங்கினது. எவனோ கூலிக்கு அடிச்ச பய."

ஷர்மிளா தலையைக் குனிந்துகொண்டாள். தலைமுறை தலைமுறையாகத் தூக்கிவைத்துக் கொண்டாடிய கொள்ளுத்தாத்தா ஒரே நொடியில் அநாதையானார்.

லியூ பதக்கத்தை ஆணியில் திரும்ப மாட்டினார். கதவைச் சாத்திவிட்டு வந்து குரலைத் தாழ்த்தினார்.

"எங்க கொள்ளுத்தாத்தாவும் இங்கிலீஷ்காரன் பட்டாளத்துல சேர்ந்து வாங்கினது இதேதான் சார், வீட்டு பீரோவுல ஒளிச்சி வெச்சிருக்கோம்."